உத்தரத்தில் கேட்ட சத்தம்

போன வாரம் அனிதா போன் செய்தாள். நான் பார்த்துவந்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான். அனகாபுத்தூரில் ஒரு பழைய தோல் கிடங்குக்குள் சர்க்கஸ் பயிற்சிக் கூடம் ஒன்று நடக்கிறது. கூரையிலிருந்து தொங்கும் நீளத் துணியிலும் இரும்பு வளையத்திலும் ஏறி வித்தை பழகுகிறார்கள். அவர்கள் விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. பன்னிரண்டு வருடம் அதைச் செய்துவிட்டு, போன பொங்கலுக்குப் பிறகு ஓய்வு பெற்றேன்.

புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்களாம். துணிக்கு மேலே மாட்டிவிட்டால், ஏறுகிறவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதை நொடிக்கு நொடி கைப்பேசியில் கோடாக வரைந்து காட்டுமாம்.

"சார், இது இல்லாம நீங்க எப்படி சமாளிச்சீங்க? எதை வச்சுப் பாத்தீங்க?" என்று அனிதா கேட்டாள்.

"காதை வச்சுதாம்மா," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்போது ஹரிணி கதையைக் கொஞ்சம் சொன்னேன். "இதை எழுதிக் குடுங்க சார், எல்லாரும் படிக்கட்டும்," என்றாள். எழுதுகிறேன். எனக்குப் பெருமை தருகிற பகுதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ள முடியாத கதை இது.

நான் முதலில் சர்க்கஸ்காரன் இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். கிரேனில் பாரம் தூக்கும் சங்கிலி, கம்பி வடம், கொக்கி, ஷேக்கிள் என்று எல்லாவற்றையும் மாதம் ஒரு முறை சோதித்து, நல்லதற்குப் பச்சைச் சாயமும் கெட்டதற்குச் சிவப்புச் சாயமும் பூச வேண்டும். இரும்பு உடைவதற்கு முன்னால் ஏதாவது ஒரு வகையில் சொல்லிவிடும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். துரு, தேய்மானம், மயிரிழை விரிசல், ஒரு சத்தம் என்று ஏதோ ஒன்று இருக்கும். அந்தப் பிரிவை வேறு ஊருக்கு மாற்றியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. வீடு பொழிச்சலூரில். மகள் கல்லூரியில். நான் போகவில்லை.

எங்கள் சர்ச்சில் ஒருவர் இந்தக் கூடத்தைப் பற்றிச் சொன்னார். "ஹூக்கு மாட்ட ஆள் கேக்கிறாங்க, போய்ப் பாருங்க சாமுவேல்," என்றார். திருமண மண்டபத்தில் விளக்கு தொங்கவிடுகிற மாதிரி வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கூடத்தை நடத்தியவர் வசந்தி மேடம். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்து, கூடாரம் கூடாரமாக வளர்ந்தவர். இருபது வயதில் மேலேயிருந்து விழுந்து இடது காறை எலும்பு உடைந்து, கோணலாகச் சேர்ந்திருந்தது. சட்டைக் கழுத்தோரம் அந்த மேடு தெரியும். அம்மா வியாசர்பாடி என்பதால் எந்த ஊரில் சுற்றினாலும் பேச்சு மட்டும் மெட்ராஸ் பேச்சாகவே இருந்துவிட்டது.

மேசை மேல் ஒரு ஷேக்கிளை வைத்தார். குதிரை லாட வடிவில் வளைந்த இரும்பு, வாய்க்குக் குறுக்கே திருகும் ஆணி. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு டன் தாங்கும் என்று பொறித்திருந்தது.

"அம்பது கிலோ பொண்ணுக்கு ரெண்டு டன் ஷேக்கிள் எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

அவர் பத்துக் கிலோ மணல் மூட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டி, சுருள்வில் தராசில் மாட்டினார். முள் பத்தில் நின்றது. பிறகு மூட்டையைத் தராசு உயரத்துக்குத் தூக்கி, அப்படியே கையை விட்டார். கயிறு விறைத்தது. தராசு குதித்தது.

"முள்ளு எங்க போச்சு?"

"கடைசி வரைக்கும் போயிடுச்சு."

"மூட்டை எவ்ளோ?"

"பத்து."

"அவ்ளோதாண்ணா. எங்க பசங்க தொங்க மாட்டாங்க, வுழுவாங்க. மேலேர்ந்து வுழுந்து, துணி புடிச்சு நிறுத்தணும். வித்தையே அதான். நாளைக்கு வந்துடுங்க."

எனக்கு அன்று முழுக்க அந்த முள்தான் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. பாரம் குதித்தால் வடம் அறும் என்பது எனக்குத் தெரியாததில்லை. தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவர் பாரத்தைக் குதிக்கவிட்டால் எழுத்து மூலம் விளக்கம் கேட்பார்கள். இங்கே அந்தக் குதிப்பைப் பார்க்கத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். இருபத்திரண்டு வருடமாக எதை நடக்கவிடாமல் காவல் காத்தேனோ, இனிமேல் அதை நாள் முழுக்க நடத்திக்காட்ட வேண்டும். எப்படித்தான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று போனவன், பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டேன்.

வசந்தி மேடம் எதற்கும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரிடமும் "பயப்படாதே" என்றும் சொல்ல மாட்டார். பாதி உயரத்தில் ஒரு பெண் நின்று, "மேடம், பயமா இருக்கு," என்றால், கீழேயிருந்து, "எங்க பயமா கீது? வயித்துலயா, கையிலயா?" என்று கேட்பார். வயிற்றில் என்றால், "சரி, மூச்சு வுட்டுகினு அங்கயே நில்லு," என்பார். கையில் என்றால், "எறங்கு." அவ்வளவுதான். முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நாளாக ஆக, அது தொழிற்சாலையில் நாங்கள் பூசிய பச்சைச் சாயம், சிவப்புச் சாயம் போலத்தான் என்று புரிந்தது. வயிற்றுப் பயம் ஆளைப் பற்றியது. கையில் தெரிகிற பயம் பிடி தளர்வதைப் பற்றியது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் மூன்று வாரம் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. துணியைக் காலில் சுற்றிப் பூட்டுவதையும் அவிழ்ப்பதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தெரிய வேண்டும். மோதிரம், கொலுசு, ஜிப் வைத்த சட்டை எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. ஒரு சின்னக் கல் மோதிரம் துணியில் நூல் இழுத்தால் போதும், அந்த இடத்திலிருந்து கிழிசல் ஓடிவிடும். திங்களும் வியாழனும் துணிகளை இறக்கி, சன்னல் வெளிச்சத்தில் முழம் முழமாக இரண்டு கைக்கும் நடுவே ஓடவிட்டுப் பார்ப்பேன். கொக்கியைத் திருகி மூடியதும் இழுத்துப் பார்த்து, "மூடியாச்சு," என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொன்னால் கணக்கில்லை. ஒருவர் மேலே இருக்கும்போது இரண்டு பேர் கீழே இருக்க வேண்டும்.

இன்னொரு விதி இந்தக் கூடத்துக்கே உரியது. விமான நிலையம் பக்கத்தில். விமானம் தலைக்கு மேல் போகும்போது தகரக் கூரை முழுக்க அதிரும், பேசுவது காதில் விழாது. அந்த நேரத்தில் யாரும் விழும் வித்தை செய்யக் கூடாது. மேலே இருப்பவர் துணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சத்தம் போகும் வரை காத்திருப்பார். வெளியிலிருந்து பார்க்க வந்தவர்கள் இது ஏதோ வணக்கம் செலுத்துவது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அடையாற்றுத் தண்ணீர் கூடத்துக்குள் முழங்கால் அளவு வந்துவிட்டது. வடிந்த பிறகு மெத்தைகளை ஒரு வாரம் வெயிலில் போட்டோம். தொட்டால் காய்ந்திருந்தது. நான் "சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டேன். வசந்தி மேடம் சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை எடுத்து மெத்தையின் பக்கவாட்டில் செருகி, உருவி, என் உள்ளங்கையில் துடைத்தார். ஈரம்.

"மேல காஞ்சிக்கீது. நடுவுல ஊறிப்போயி கல்லு மாதிரி கீதுண்ணா. இதுமேல வுழுந்தா தரையில வுழுந்தா மாதிரிதான்."

எட்டு மெத்தையையும் தூக்கிப் போட்டார். புது மெத்தை வரும் வரை ஐந்து வாரம் யாரும் இடுப்பு உயரத்துக்கு மேல் ஏறவில்லை. இருபது பேரில் ஆறு பேர் வேறு எங்கோ சேர்ந்துவிட்டார்கள். 

இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். ஹரிணி விஷயத்தில் நான் செய்ததைப் படிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹரிணிக்கு அப்போது இருபத்தாறு வயது. சேலையூரில் வீடு, மென்பொருள் கம்பெனியில் வேலை. மூன்று வருடமாக வாரத்தில் நான்கு நாள் வருவாள். நாற்பத்தெட்டுக் கிலோதான் இருப்பாள், ஆனால் துணியில் ஏறினால் படியேறுவது போல ஏறுவாள். தாம்பரத்தில் ஒரு அரங்கில் எங்கள் கூடம் முதன்முதலாக டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கடைசி வித்தை அவளுடையது. இடுப்பிலும் தொடையிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, பதினைந்து அடி உயரத்தில் கையை விட்டு, உருண்டு விழுந்து, தரைக்குப் பத்தடி மேலே நிற்க வேண்டும்.

அன்று ஒத்திகையில் அவள் விழுந்து நின்ற நொடியில் மேலே உத்தரத்தில் ஒரு சத்தம். டக். யாரோ ஒரு தடவை நாக்கைச் சொடுக்கியது போல.

சுற்றிப் பார்த்தேன். வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. வசந்தி மேடத்திடம் சொன்னேன்.

"எனுக்கு கேக்கல," என்றார். "உங்க காதுக்குக் கேட்டுச்சுல்ல? எறக்கிடுங்க."

இறக்கினேன். துணி, கொக்கி, துணி முறுக்கிக்கொள்ளாமல் சுற்றவிடும் உருளை, உத்தரத்தைச் சுற்றிப் போட்ட பட்டை, கப்பி எல்லாவற்றையும் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுநாள் மாட்டி, மற்றவர்களை ஏறவிட்டோம். எங்களிடம் பழகும் எண்பது கிலோ பிரகாஷ் மூன்று தடவை அதே மாதிரி விழுந்தான். சத்தமில்லை. ஹரிணி ஒரு தடவை விழுந்தாள். டக்.

அது எப்படி? எண்பது கிலோவுக்கு வாய் திறக்காத இரும்பு, நாற்பத்தெட்டுக் கிலோவுக்கு ஏன் பேச வேண்டும்? சாப்பிட உட்கார்ந்தாலும் இதே யோசனை. என் மனைவி, "யார்கிட்ட சண்டை?" என்று கேட்டாள்.

வசந்தி மேடம் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "சத்தம் இன்னான்னு தெரியிற வரைக்கும் அந்தத் துணியில ஒருத்தரும் ஏறக் கூடாது."

மூன்றாம் நாள் மதியம் பழைய தொழிற்சாலை நண்பர் ஒருவரிடம் எண்கள் காட்டும் தொங்கு தராசை இரவல் வாங்கி வந்தேன். எவ்வளவு இழுவிசை உச்சமாக வந்ததோ, அந்த எண்ணைப் பிடித்து நிறுத்திக் காட்டும். அதை உத்தரத்துக்கும் துணிக்கும் நடுவே மாட்டி, நாற்பத்தெட்டுக் கிலோ மணலை அதே உயரத்திலிருந்து மெதுவாகப் பிடித்துப் பிடித்து விட்டுப் பார்த்தேன். சத்தமில்லை. வசந்தி மேடம் அரங்கைப் பார்க்கத் தாம்பரம் போயிருந்தார். கூடத்தில் நானும், பெருக்கிக்கொண்டிருந்த செல்வி அக்காவும்தான்.

ஐந்து மணிக்கு ஹரிணி ஆபீஸ் பையோடு உள்ளே வந்தாள்.

"சார், ரெடியா?"

"இன்னும் இல்லம்மா. கண்டுபிடிக்க முடியல."

"இன்னும் பத்து நாள்தான் சார் இருக்கு."

அப்போதுதான் அதைச் சொன்னேன். யாரும் என்னை நெருக்கவில்லை. அவசரமும் இல்லை. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

"ஒரே ஒரு தடவை ஏறிக் காட்டும்மா. சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு பாத்துடலாம். செல்வி அக்கா, கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க."

இரண்டாவது ஆள் கணக்குக்குச் செல்வி அக்கா. எவ்வளவு ஒழுங்காக விதியை மீறினேன் பாருங்கள்.

அவள் உடை மாற்றிக்கொண்டு வந்து ஏறினாள். சுற்றிக்கொண்டாள். விழுந்தாள். டக். தராசைப் பார்த்தேன். முந்தின நாள் பிரகாஷ் விழுந்ததை மனக்கணக்காகப் போட்டிருந்தேன், இருநூறு கிலோவைத் தாண்டாது என்று. ஹரிணிக்கு இருநூற்றெழுபது காட்டியது.

எண்ணை இன்னொரு தடவை படித்தேன். ஆக, இரும்பில் பிழையில்லை. இவள்தான் எல்லோரையும்விட அதிகமாக இழுக்கிறாள். இவ்வளவு லேசான பெண் எப்படி?

"இன்னொரு தடவை, ஹரிணி. அப்படியே."

இந்தத் தடவை நான் உத்தரத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். அந்த வித்தையில் விழும்போது இடது கை தலைக்கு மேலே துணியைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட வேண்டும். வேகம் அங்கேதான் குறையும். பிரகாஷ் அப்படித்தான் செய்வான், எல்லோருமே அப்படித்தான். ஹரிணியின் இடது கை துணியில் இல்லை. அழகுக்கு நீட்டியது போல பக்கவாட்டில் நீண்டிருந்தது. மேடம் முதல் நாள் கைவிட்ட மணல் மூட்டை போல முழு வேகத்தில் வந்து இடுப்பில் நின்றாள்.

கை. சிவப்புச் சாயம்.

"போதும், இறங்கு," என்று நான் வாயெடுக்கும்போது, அவள் சுற்றை அவிழ்ப்பதற்காக இரண்டு கையாலும் துணியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். இடது கை விட்டுவிட்டது. விரல்கள் திறந்ததை நான் பார்த்தேன். தலை பின்னால் சரிந்து, உடம்பு கவிழ்ந்து, தொடைச் சுற்று மட்டும் இறுகி, அவள் தலைகீழாகத் தொங்கினாள். அவள் ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்து விமானம் ஒன்று கூரைக்கு மேல் வந்தது.

எங்கள் கூடத்தில் துணி நேராக உத்தரத்தில் கட்டப்பட்டிருக்காது. கப்பி வழியாக ஒரு வடம் சுவரோரத் தூணுக்கு வந்து, அங்கே ஒரு பிடிப்புக் கருவியில் பூட்டியிருக்கும். "தூக்கறதுக்கு வசதி இல்லாங்காட்டி பரவால்ல, எறக்கறதுக்கு இருக்கணும்," என்று வசந்தி மேடம் முதல் நாளே செய்ய வைத்தது. மாதம் ஒரு தடவை மணல் மூட்டையைத் தலைகீழாகக் கட்டி இறக்கிப் பழகுவோம். இடது கை வடத்தின் வாலை, தொங்கும் நுனியை, பிடிக்க வேண்டும். அது பிடித்த பிறகுதான் வலது கை, பிடிப்பைத் திறக்கும் நெம்பைத் தொட வேண்டும். நெம்பைக் கால்வாசிதான் திறக்க வேண்டும். ஒரு சாண் இறங்கியதும் ஒரு எண். மேலே இருப்பவருக்குக் கேட்கும்படி எண்ண வேண்டும், இல்லாவிட்டால் அவர் பதறி அசைவார்.

எண்ணினால் கேட்காது. நான் தூணருகே ஒருக்களித்து நின்று, அவள் கண்ணைப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. பின்னல் ஊஞ்சல் போல ஆடியது. நெம்பின் மேல் வைத்த கையிலேயே ஒரு விரலை நீட்டிக் காட்டினேன். ஒன்று. அவளுக்குப் புரிந்தது. அசையாமல் இருந்தாள். இரண்டு விரல். மூன்று. செல்வி அக்கா சொல்லாமலே மெத்தை மேல் ஏறி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். நாலாவது விரலில் ஹரிணியின் தோள்கள் அவர் கைக்கு வந்தன.

"கழுத்தைப் புடிங்கக்கா! உக்கார வைக்காதீங்க, படுக்க வைங்க!"

ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். உடம்பின் பாரம் முழுக்க மெத்தைக்கு வந்த பிறகே தொடைச் சுற்றை அவிழ்த்தேன். துணி உரசிய இடம் அரையடி நீளத்துக்குத் தோல் வழன்றிருந்தது. 

வசந்தி மேடம் வந்தபோது அவள் இன்னும் படுத்திருந்தாள். அவர் ஓடி வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நகத்தை அழுத்திப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"இன்னா நாள் இன்னைக்கு?"

"வியாழன்."

"தல சுத்துதா?"

"இல்ல மேடம்."

"செல்விக்கா, இவுளுக்குத் தண்ணி குடு." பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "யாரு ஏறச் சொன்னது?"

ஹரிணி சட்டென்று, "நானேதான் மேடம் ஏறினேன். சார் வேணாம்னுதான் சொன்னாரு," என்றாள்.

செல்வி அக்கா என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அது அப்படியே போயிருக்கும். அந்த இரண்டு மூன்று நொடி நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

"நான்தான் ஏறச் சொன்னேன் மேடம்," என்றேன். "ரெண்டு தடவை. சத்தம் எங்கேர்ந்துன்னு பாக்கறதுக்கு."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"இன்னொண்ணு. இவ இடது கை துணியைப் புடிக்கல. ரெண்டு தடவையும் புடிக்கல."

ஹரிணி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். என்னை அப்படி ஒரு பார்வை யாரும் பார்த்ததில்லை.

"சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும்னுதானே சார் சொன்னீங்க? ஹூக்கைப் பாருங்க, கயித்தைப் பாருங்க. என்னை எதுக்குப் பாத்தீங்க?"

"ஹரிணி, ரெண்டு கையும் தூக்கு," என்றார் வசந்தி மேடம்.

வலது கை காதோரம் நேராகப் போனது. இடது கை தோள் உயரத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை; ஏறும்போதும் பாரத்தை வலது கையில்தான் போட்டிருக்கிறாள் என்று அப்போது புரிந்தது.

"எத்தினி நாளா?"

அவள் கைகளைக் கீழே இறக்கினாள்.

"எத்தினி நாளாம்மா?"

"ரெண்டு மாசமா. ஆனா மாத்திரை போட்டுட்டு வந்தா வலி தெரியாது மேடம். கை மேல வரும். இந்த வாரம்தான் மாத்திரை போட்டும் புடிக்க முடியல, கையை நீட்டிக்கிட்டேன். இன்னைக்கு... ஆபீஸ்லேர்ந்து நேரா வந்துட்டேன், போடல."

வசந்தி மேடம் தன் கோணல் எலும்பின் மேல் கை வைத்துக்கொண்டார். அது அவருக்கே தெரியாத பழக்கம்.

"வலி தெரியாதுன்னா அது நல்லதாச்சுன்னு நெனைச்சிகினியா? கை உன்கிட்ட பேசிகினே கீது, நீ அத்தோட வாய கட்டிப் போட்டுட்டு ஏறிகினு கீற." எழுந்துகொண்டே சொன்னார்: "நிகழ்ச்சியில நீ இல்ல."

ஹரிணி அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே கிளம்பினாள். செல்வி அக்காதான் ஆட்டோ பிடித்து வீடு வரை கூடப் போனார்.

நான் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வசந்தி மேடம் மேசையிலிருந்து, கூடத்தில் நடப்பதை எழுதிவைக்கும் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நீங்களே எழுதுங்கண்ணா. நடந்தது இன்னாவோ அத்த எழுதுங்க. சனிக்கெழம எல்லாரும் வந்தப்புறம் படிச்சுக் காட்டுங்க."

"திட்டிடுங்க மேடம். பரவால்ல."

"திட்டினா உங்களுக்கு மனசு லேசாப் பூடும். எழுதுங்க."

சனிக்கிழமை பதினெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டு படித்தேன். தெரிந்துகொள்ளும் ஆசையில் விதியை மீறி ஒருவரை ஏறச் சொன்னேன் என்ற வரியை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. முடித்துப் பதிவேட்டை மூடினேன். பிறகு பிரகாஷ் கையைத் தூக்கினான்.

"சார், கேக்கலாமா? அந்தச் சத்தம் கடைசியா எங்கேர்ந்துதான் வந்துச்சு?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வசந்தி மேடமும்தான். சொன்னேன். வெள்ளிக்கிழமை முழுக்க உத்தரத்தின் மேலேயே படுத்துக்கிடந்து கண்டுபிடித்திருந்தேன். உத்தரமும் தூணும் சேருமிடத்தில், கிடங்கு கட்டிய காலத்துப் போல்ட் ஒன்றின் வாஷர் தேய்ந்து போயிருந்தது. சாதாரணமாக விழுந்தால் அது அசையாது. ஹரிணி இழுத்த இழுப்புக்கு மட்டும் ஒரு நூலளவு நகர்ந்து உட்காரும். உடனே உடைந்துவிடுகிற ஆபத்து இல்லை. ஆனாலும் மாற்றினோம். அவளுடைய தோள் சொல்ல வேண்டியதை அந்த வாஷர்தான் எங்களுக்குச் சொன்னது.

அன்றே பதிவேட்டின் முதல் பக்கத்தில் வசந்தி மேடம் ஒரு விதியைச் சேர்த்தார். கீழே நிற்பவர் யாரையும் "ஏறு" என்று சொல்லக் கூடாது. "இறங்கு" என்று சொல்லலாம், எப்போது வேண்டுமானாலும், யார் வேண்டுமானாலும். இன்னொன்று, வருகிற ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டு, மாத்திரை ஏதாவது போட்டிருந்தால் சொல்ல வேண்டும். அனிதா, நீ தினமும் கேட்கிற அந்தக் கேள்வி இப்படித்தான் வந்தது.

நிகழ்ச்சி நடந்தது. கடைசி வித்தை இல்லாமல், பிரகாஷின் வளைய வித்தையோடு முடித்தோம். கைதட்டினார்கள். குறை ஒன்றும் யாருக்கும் தெரியவில்லை. ஹரிணி வரவில்லை. தோள் மூட்டுக்குள் ஒரு விளிம்பு கிழிந்திருப்பதாக டாக்டர் சொன்னார் என்றும், அறுவை வேண்டாம், ஆனால் ஆறு மாதத்துக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாரம் தாங்கக் கூடாது என்றும் கேள்விப்பட்டேன். நான் இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை செய்யவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் அதே ஆபீஸ் பையோடு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், பேசவில்லை. வசந்தி மேடம் அவளைப் புதிதாகச் சேர்ந்தவர்களோடு முழங்கால் உயரத்தில் நிறுத்தினார். மூன்று வாரம் முணுமுணுக்காமல் செய்தாள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனாள். என்னோடு பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, முதலில் "தண்ணி பாட்டில் அங்க இருக்கா சார்" என்ற அளவில்.

பிறகு அந்தப் பழைய வித்தையை அவள் மறுபடி செய்யும் நாள் வந்தது. ஒரு சனிக்கிழமை. யாரும் சொல்லாமலே மற்றவர்கள் தங்கள் பயிற்சியை நிறுத்திவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், இரண்டும் காதோரம் நேராக நின்றன. நான் கொக்கியை இழுத்துப் பார்த்து, "மூடியாச்சு," என்றேன். ஏறினாள். இடுப்பில் சுற்றினாள், தொடையில் சுற்றினாள், இடது கையால் மேலே துணியைப் பிடித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. வலது கையை மட்டும் விட வேண்டும்.

விடவில்லை. பத்து நொடி, பதினைந்து நொடி. வானத்தில் விமானம் எதுவும் இல்லை.

"இறங்குறேன்," என்றாள். கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

சுற்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கை மாற்றிக் கை மாற்றி இறங்கி, மெத்தையில் கால் வைத்தாள். வசந்தி மேடம், "சரி, அடுத்தது யாரு?" என்றார்.

ஹரிணி வந்து என் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். இடது கை விரல்களை மடக்கினாள், விரித்தாள். முகத்தில் வருத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறா, கையா? மேலே அந்தப் பதினைந்து நொடியில் என்ன பார்த்தாள், எதைக் கேட்டாள்? கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"கேளுங்க சார்," என்றாள். "கேக்கணும்னு இருக்குல்ல?"

"இல்லம்மா."

"பொய்."

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அதற்குள் அடுத்த பெண் துணிக்குக் கீழே வந்து கையைத் தூக்கி நின்றாள். நான் எழுந்து கொக்கியைப் பார்க்கப் போனேன்.

அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.